கிளிஃபர்டுக்குப் பிடித்த கல்

வெர்னாவின் வீட்டில் கிளிஃபர்டு என்று ஒருவன் இருந்தான். அவனை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டுச் சுவருக்கு என்ன நிறம், தரைக்கு என்ன விரிப்பு, கொல்லையில் என்ன மரம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தவன் அவன்தான்.

அவள் புருஷன் ஹார்லன் எதைப் பேசினாலும் "நாளைக்கு வீட்டை வாங்க வர்றவன்" என்றுதான் ஆரம்பிப்பார். வாங்க வருகிறவனுக்கு மஞ்சள் சமையலறை பிடிக்காது. எலுமிச்சை மரம் வைத்தால் பழம் விழுந்து தரையெல்லாம் கறையாகும், வாங்க வருகிறவன் முகம் சுளிப்பான். சுவரில் ஆணி அடித்தால் ஓட்டை தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் வெர்னாதான் அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு பெயர் வைத்தாள். "பேரில்லாத ஆளோட எத்தனை நாளைக்குடி குடும்பம் நடத்துறது" என்றாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அவன் கிளிஃபர்டு. ஹார்லனுக்கு அந்தப் பெயர் தெரியாது.

நான் பெர்னடின், பக்கத்து வீடு. மேசா நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். என் சமையலறை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். என் கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது, பழம் விழுகிறது, கறையாகிறது, போனால் போகட்டும் என்று இருக்கிறேன். என் ஒருத்தியால் தெருவிலுள்ள எல்லா வீட்டு விலையும் இறங்குகிறது என்பது ஹார்லனின் எண்ணம். வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலிக்கு மேலே என் மரத்தைப் பார்க்கிற பார்வையிலேயே தெரியும்.

வெர்னா வடக்கு டகோடாக்காரி. கல்யாணம் ஆன புதிதில் ஃபார்கோவில் ஒரு வீடு, பிறகு ஒமாஹாவில், பிறகு டென்வரில், கடைசியில் வெயில் தேடி அரிசோனாவில் இங்கே. ஒவ்வொன்றையும் விற்று அதைவிடப் பெரிதாக ஒன்று. ஹார்லன் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, தேவாலயத்துக்குப் போகத் தவறியதில்லை. வீடு என்றால் அவருக்கு விற்கிற பொருள், அவ்வளவுதான். குடியிருப்பது விற்பதற்கு நடுவே வந்துபோகும் ஒரு சங்கடம். டென்வர் வீட்டில் ஜன்னலோரம் உட்கார ஒரு பலகை வேண்டும் என்று வெர்னா வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். வீட்டை விற்கப் போகிற சமயத்தில்தான் அதைப் போட்டுக் கொடுத்தார், தரகர் சொன்னாரென்று. "அதுல நான் ஒரு தடவைகூட உக்காரல பெர்னி. பாலிஷ் காயறதுக்குள்ள சாவியக் குடுத்துட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

எந்த ஊருக்குப் போனாலும் அவள் முடிவெட்டும் கடை வைத்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. இங்கே வந்து அறுபதைத் தொடுவதற்குள் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். தண்ணீரில் உடம்பின் பாரம் தெரியாது, மூட்டு தப்பித்துக்கொள்ளும், நடப்பதை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

இதில் ஒரு சிக்கல். வெர்னாவுக்கு நீந்தத் தெரியாது. மார்பளவு தண்ணீர் என்றாலே உதடு வெளுத்துவிடும். ஆனால் எங்கள் நகராட்சி நீச்சல் குளம் பழைய காலத்துக் குளம். அதன் விளிம்புக் கல் சாப்பாட்டுத் தட்டின் ஓரம்போல மேலே எழும்பி, உள்பக்கம் வளைந்து, நாலு விரலையும் மடக்கிப் பிடித்துக்கொள்ள வாகாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே குளத்தைச் சுற்றி வருவாள். நானும் கூடப் போவேன், எனக்கு என்ன, வெயிலுக்குத் தண்ணீரில் கிடந்தால் சரி. கரையில் கம்பு ஊன்றி நடக்கிறவள் தண்ணீருக்குள் இறங்கியதும் முதுகு நிமிர்ந்து வேறு ஆளாகிவிடுவாள். "இதுக்குள்ள எனக்கு இருபது வயசுடி" என்பாள். அந்தக் காலை நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாளைத் தள்ளினாள்.

நகராட்சிக்காரர்கள் அந்தக் குளத்தை மூடி, மண் கொட்டி, கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். மற்றக் குளங்கள் எல்லாம் தூரம், அவ்வளவு நேரம் காரில் உட்கார அவள் இடுப்பு விடவில்லை. அப்போதுதான் கடையை விற்ற பணத்தில் வீட்டிலேயே குளம் வெட்டிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்து கேட்டாள். அந்த ஜன்னல் பலகைக்குப் பிறகு தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஹார்லன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். எனக்கே ஆச்சரியம். பிறகுதான் புரிந்தது. அரிசோனாவில் குளம் இருக்கிற வீடு சீக்கிரம் விலைபோகும். கிளிஃபர்டுக்குக் குளம் பிடிக்கும்.

குளம் கட்டுகிறவர்களின் கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். குளம் என்றால் எல்லாரும் நீலத் தண்ணீரைத்தான் நினைக்கிறார்கள். அங்கே போனால் பேச்சு முழுக்க விளிம்பைப் பற்றி. தண்ணீரும் தரையும் சேருகிற இடத்தில் சுற்றிலும் பதிக்கிற கல் இருக்கிறதே, அதில் எத்தனை தினுசு. செங்கல், சுண்ணாம்புக் கல், வார்த்த சிமெண்ட், ஒழுங்கில்லாமல் உடைத்துப் பொருத்துகிற பாறைத் துண்டு, மெருகேற்றிய கருங்கல். அதிலும் முனை எப்படி, சதுரமாக வெட்டியதா, பாதி உருட்டியதா, முழுக்க உருட்டியதா. கடைக்காரர் ராய்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துத் தடவிக் காட்டினார்.

வெர்னா பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கல்லையும் மேஜை ஓரத்தில் தள்ளி வைக்கச் சொல்லி, கண்ணை மூடி, விரல்களை அதன்மேல் மடக்கிப் பிடித்துத் தொங்குவதுபோல் உடம்பைப் பின்னால் சாய்த்தாள். சதுர முனை விரல் கணுவில் வெட்டியது. பாறைத் துண்டு பிடிக்கே வரவில்லை. கருங்கல் பலகை தடிமனாக இருந்ததால் விரல் அடிப்பக்கம்வரை எட்டவில்லை. மணல் நிறத்தில் வார்த்த செங்கல் ஒன்று, முனை முழுக்க உருட்டியது, லேசாக மேலே தூக்கியது. அதைப் பிடித்தவள் கண்ணைத் திறக்கவில்லை. நகராட்சிக் குளத்துக்கே போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அதோடு விடவில்லை. நாலு கல்லையும் இரவல் வாங்கிவந்து, ஜூலை மாதத்து மத்தியானம் என் வாசலில் வெயிலில் பரப்பச் சொன்னாள். இந்த ஊர் வெயிலில் காரின் கதவைப் பிடிக்கவே துணி வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கருங்கல்லில் வைத்த கையை வைத்த வேகத்தில் எடுத்தாள். மணல் நிறக் கல்லில் வைத்த கையை எடுக்கவில்லை. மற்ற மூன்றும் கடைக்குத் திரும்பிப் போயின. அது மட்டும் அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டது.

"இதுதான்" என்று ஹார்லனிடம் சொன்னாள். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா இருக்கே என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார். மார்சி எங்கள் பகுதியின் வீட்டுத் தரகர். அப்போது ஊரில் வீட்டு விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த காலம், மார்சிக்கு ராஜமரியாதை. யார் வீட்டில் விருந்து என்றாலும் அவளுக்கு ஒரு தட்டு. வெர்னா தன் ஊர்ப் பழக்கப்படி மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஓவன் அடுப்பில் வைத்து எடுத்திருந்தாள். நானும் இருந்தேன். மார்சி சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"ஐயோ வெர்னா, இது அந்தக் கால மோட்டல் குளத்துல போடுற கல்லாச்சே. இதப் பாத்தா வர்றவங்க வயசானவங்க வீடுன்னு நினைப்பாங்க. இப்ப எல்லாரும் கேக்குறது கறுப்புக் கல்லு, நேர் வெட்டு. போட்டோல பாத்தா அப்படியே கண்ணப் பறிக்கும்."

வயசானவர்கள் வீடுதானே அது, வேறு யார் வீடு என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வெர்னா மெதுவாகத்தான் சொன்னாள், தனக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. மார்சி ரொம்பப் பரிவாகத் தலையை ஆட்டினாள். ஹார்லன் கல்லை மேஜையின் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

"வெர்னா, நாம இங்க இருக்கப் போறது மிஞ்சிப் போனா மூணு வருஷம். அதுவரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்க. அடுத்த வீட்ல நீ கேட்ட கல்லயே போட்டுடலாம்."

"அடுத்த வீடு வரைக்கும் என் இடுப்பு இருக்கணுமே" என்றாள்.

ஒரு கைப்பிடிக் கம்பியாவது வைத்துக்கொள்ளலாமே என்று நான் குறுக்கே விழுந்தேன். கம்பி வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றாள் மார்சி. கல்லில் துளை போட்டால் பிறகு அடைக்க முடியாது என்றார் ஹார்லன். அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. உனக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன் என்கிற பாவனை. அந்தப் பாவனையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிவாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

வெர்னா எழுந்து தட்டுகளை எடுத்தாள். "சரி" என்றாள்.

மறுநாள் வேலியோரம் அவளைப் பிடித்துக்கொண்டு நான் சத்தம் போட்டேன். உன் கடைப் பணம், உன் இடுப்பு, உன் குளம், நீ எதற்கு வாயை மூடிக்கொண்டாய் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சலிப்புதான் இருந்தது. "நாப்பது வருஷமா சரின்னு சொன்னவளுக்கு இந்த ஒண்ணுக்கு மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு தெரியல" என்றாள். மாதிரிக்குக் கொண்டுவந்த அந்த மணல் நிறக் கல்லை மட்டும் அவள் கடைக்குத் திருப்பித் தரவில்லை. ராய்ஸும் கேட்கவில்லை. பின்பக்கக் கண்ணாடிக் கதவு தானாக நகர்ந்துவிடும் வீடு அது. கதவுக்கு முட்டுக் கொடுக்க அதை வைத்துக்கொண்டாள்.

குளம் வந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நேர்க்கோடு இழுத்த கறுப்பு விளிம்பு, உள்ளே பச்சை கலந்த நீலம். ஹார்லன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தெரிந்தது குளம் இல்லை, விளம்பரப் படம்.

செப்டம்பரில் ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன் வெர்னா என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டுவரை சரி. படியைத் தாண்டி ஓரத்துக்கு வந்து கையைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்தாள். பிடி கிடைக்கவில்லை. தடித்த பலகை, வழுவழுப்பு, ஈரம் பட்டால் சோப்பு தடவியதுபோல. உள்ளங்கையை அழுத்திக்கொண்டு இரண்டு அடி நகர்ந்தாள். கை வழுக்கியது. ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போனாள். இடுப்பு ஒத்துழைக்காததால் காலை ஊன்றி எழ முடியவில்லை. நான் பிடித்து இழுத்துப் படியில் உட்காரவைப்பதற்குள் மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இருமி இருமி, மூச்சு திரும்பிய பிறகு அவள் பார்த்தது என்னை அல்ல, தன் விரல்களை. கணுக்களில் தோல் உரிந்திருந்தது.

ஹார்லன் ஓடிவந்தார். பயந்துபோயிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். துண்டால் போர்த்தினார், தோளைத் தேய்த்துவிட்டார், காபி போட்டுக் கொடுத்தார். நீச்சல் சொல்லித்தர ஒரு ஆளை வைக்கலாம் என்றார். கல்லை மாற்றலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெர்னா அந்தத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

மூன்று வருஷம் என்று சொன்னார் அல்லவா? இரண்டாவது வருஷமே ஊரில் வீட்டு வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் தெருவிலேயே வாசலில் பூட்டுத் தொங்கிய வீடுகள் எத்தனையோ. கடன் கட்ட முடியாமல் ராவோடு ராவாகக் காலி செய்துகொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப்போன குளங்களில் தண்ணீர் பச்சையாகி, கொசு பிடித்து, செத்த புறா மிதந்தது. இந்த நேரத்தில் விற்கிறவன் முட்டாள், சந்தை திரும்பட்டும், அதுவரை வீட்டைச் சொக்கத் தங்கமாக வைத்திருக்க வேண்டும் என்றார் ஹார்லன்.

வைத்திருந்தார். தினம் காலையில் வலை போட்டு இலை அள்ளுவார். மருந்து கலப்பார். அந்தக் கறுப்புக் கல்லில் எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, முழங்காலில் சின்ன மெத்தைத் துண்டைக் கட்டி, ஓரம் முழுக்கத் தேய்ப்பார். குளிக்கிறவர்தான் யாரும் இல்லை. அவரும் இறங்கமாட்டார். என் பேரப்பிள்ளைகள் வந்திருந்தபோது ஒரு நாள் விடுங்களேன் என்று கேட்டேன். வெயிலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள், கல்லில் கறை பிடிக்கும் என்றார். வெர்னா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் குளத்தைப் பார்ப்பாள். கம்பு போய் நாலுகால் தாங்கி வந்தது. அது போய்ச் சக்கர நாற்காலி வந்தது. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஒரு பக்கம் சரியானது, இன்னொரு பக்கம் சீழ் பிடித்து இன்னும் மோசமானது. நாளாக நாளாகக் கைவிரல்களிலும் வாதம் இறங்கியது.

தொழிலாளர் தினத்தன்று ஒருமுறை அவர்கள் கொல்லையில் கறி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பீர் குடித்திருந்தேன். நாக்கு அடங்கவில்லை.

"ஏன் ஹார்லன், கிளிஃபர்டு வந்த பிறகாவது உங்கள இந்தக் குளத்துல ஒரு முழுக்குப் போட விடுவானா?"

"யாரு கிளிஃபர்டு?" என்றார்.

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்த சோளத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கூடவே இருக்குறவன்தான்" என்றாள். "ஒங்களுக்கு என்னைவிட அவனத்தான் நல்லாத் தெரியும்."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுப்பின் மூடியைத் திறந்து கறியைத் திருப்பினார்.

ஹார்லனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போவேன். சாகிற நேரத்தில் மனுஷனுக்கு ஞானம் பிறக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். உன் கல்லைப் போட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் தெளிவாகப் பேசிய கடைசி நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, தெருக்கோடி வீட்டுக்காரர் ப்ரூயிட் தன் வீட்டை விற்ற விலைக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கிவிடாதே என்பதுதான். வெர்னா சரி என்றாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் அவளிடம் பேச்செடுத்தேன். இப்போது யார் கேட்கப் போகிறார்கள், கல்லை மாற்று, வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் மாற்று, நான் கூட இறங்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தக் கதவோரத்துக் கல்லை எடுத்துத் தரச் சொன்னாள். துடைத்தாள். ராய்ஸ் கடையின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே இருந்தாள். எங்கிருந்தோ பழைய குளியலுடையைத் தேடி எடுத்து வைத்தாள்.

அப்போது பாய்சி நகரத்திலிருந்து அவள் மகன் கெண்ட் வந்தான். நல்ல பிள்ளை, அப்பாவின் தாடை, அப்பாவின் நிதானம். அம்மாவைத் தனியாக விட முடியாது, பாய்சியில் முதியோர் இல்லம் பார்த்துவிட்டேன், இந்த வீட்டை வசந்த காலத்தில் விற்றுவிடலாம் என்றான். வெர்னா கல்லைப் பற்றிச் சொன்னாள். அவன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

"எதுக்கும்மா இப்பப் போய் செலவு பண்ணிக்கிட்டு? எப்படியும் விக்கத்தான் போறோம். நாளைக்கு வாங்க வர்றவங்களுக்கு என்ன பிடிக்குமோ அவங்க பாத்துப் போட்டுக்கட்டுமே."

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். "கிளிஃபர்டு செத்துட்டான்னு நினைச்சேன் பெர்னி" என்றாள். கெண்ட் யாரும்மா அது என்று கேட்டான். யாருமில்லை என்றாள். கல் மறுபடி கதவோரத்துக்குப் போனது.

வீட்டை விற்றுத்தர மார்சியே வந்தாள். முடி நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. வாங்க வருகிறவர்கள் இது தங்கள் வீடு என்று கற்பனை செய்ய வேண்டும், அதனால் குடும்பப் படங்களை எடுத்துவிட வேண்டும் என்றாள். எடுக்க அங்கே என்ன இருந்தது? ஆணி அடிக்க விட்டால்தானே படம் மாட்ட? சமையலறை மேஜையில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து, அது நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்களை அடுக்கினாள். மஞ்சள் இருந்தால் சமையலறைக்கு உயிர் வரும் என்றாள். வெர்னா ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். என் வீட்டு மரத்தில் அப்போது பழம் காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு மார்சி கொல்லைக்குப் போய்க் குளத்தைப் பார்த்தாள். உச்சுக்கொட்டினாள். "இந்தக் கறுப்புக் கல்லு இப்ப ஓடறதில்ல வெர்னா. பழைய மோஸ்தர். இப்ப எல்லாரும் உருட்டின விளிம்பு, இளம் நிறம், அதத்தான் கேக்கறாங்க. என்ன பண்றது, அத வச்சே தள்ளிப் பாப்போம்."

என் கையில் குளிர்ந்த தேநீர்க் குவளை இருந்தது. அதை அவள் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு ஒரே காரணம் வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டதுதான்.

வீடு பார்க்க ஆள் வருகிறபோது வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது வழக்கம். காலியாக இருந்தால்தான் மனசு ஒட்டும் என்பார்கள். ஆறேழு தடவை நான் அவளை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு என் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு ஏப்ரல் சனிக்கிழமை, கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க ஒரு தம்பதி வருகிறார்கள், இந்த விலைக்கு இவர்களை விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்று மார்சி சொன்னபோது, வெர்னா நகரமாட்டேன் என்றுவிட்டாள்.

"இத்தன வருஷமா அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியே இருந்துட்டேன்" என்றாள் என்னிடம். "இன்னிக்கு அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவேன்."

வந்தது ஒரு இளம்பெண்ணும் அவள் புருஷனும். அவள் பெயர் யெசேனியா, ஊரில் ஏதோ ஒரு பல் மருத்துவமனையில் வேலை. இடுப்பில் குழந்தை. வெர்னா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தயங்கி, மரியாதையாக வணக்கம் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றாள். புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் நேரே குளத்துக்குப் போனாள். குழந்தையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, விளிம்பில் முழங்காலிட்டு, கல்லைத் தொட்டாள். தொட்ட கையை உதறினாள். பிறகு மறுபடி, இந்த முறை விரலை மடக்கி அடியில் கொடுத்துப் பார்த்தாள். நான் வெர்னாவின் நாற்காலியைக் கண்ணாடிக் கதவோரம் தள்ளிக்கொண்டு வந்து நின்றேன்.

யெசேனியா எழுந்து வந்து மார்சியிடம் சொன்னாள். "எங்க அம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. முட்டி ரெண்டும் போயிடுச்சு, தண்ணிலதான் நடக்கணும். நீச்சல் தெரியாது. இந்தக் கல்லு பிடிக்கே வரலியே. வந்த உடனே மொதல் வேலையா இத மொத்தமா பேத்து எடுத்துடணும்."

மார்சி ஆகட்டும் ஆகட்டும் என்றாள்.

வெர்னா அந்தக் கறுப்பு விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. துக்கமா ஆத்திரமா என்று கேட்டால் ஆத்திரம்தான். யாருக்காக அந்தக் கறுப்புக் கல்லைப் போட்டார்களோ, யாருக்காக ஒரு மனிதர் பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டே செத்தாரோ, யாருக்காக ஒருத்தியின் இடுப்பு நாற்காலியோடு ஒட்டிப்போனதோ, அந்த ஆள் கடைசியில் வந்து, வெர்னா என்ன கேட்டாளோ அதையே கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

உள்ளே போகத் திரும்பிய யெசேனியா கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். உருட்டிய முனையில் விரலை மடக்கினாள். "இதேதான். அப்படியே இதேதான் வேணும்" என்றாள் புருஷனைக் கூப்பிட்டு. பிறகு வெர்னாவிடம் வந்தாள். "பாட்டி, இத எங்க வாங்கினீங்க? இதுவும் வீட்டோட சேர்ந்ததா? மாதிரிக்கு வச்சுக்கலாமா?"

மார்சி, எல்லாம் வீட்டோடு சேர்ந்ததுதான் என்று ஆரம்பித்தாள். வெர்னா கையை உயர்த்தினாள். அவள் குரல் அவ்வளவு திடமாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"இல்லம்மா. இந்த வீட்ல சுவரு, தரை, கல்லு எல்லாம் ஒனக்காகத்தான் பாத்துப் பாத்துப் போட்டது. எல்லாத்தையும் எடுத்துக்க. இது மட்டும் தரமாட்டேன். இது என்னோடது."

அந்தப் பெண் திகைத்துப்போய்க் கல்லை அவள் மடியில் வைத்தாள். கதவு மெல்லத் தானாக நகர்ந்து மூடிக்கொண்டது. வெர்னா இரண்டு கைகளையும் கல்லின்மேல் வைத்து, கண்ணை மூடி, அன்று கடையில் செய்ததுபோல விரல்களை மடக்கிப் பிடிக்கப் பார்த்தாள். வாதம் பிடித்துப்போன விரல்கள் பாதிவரை மடங்கி நின்றுவிட்டன. இன்னொருமுறை முயன்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கல் மடியிலிருந்து உருளாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னாள்.